மணமகனுக்கு உரைப்பார் யார்?

நம் நாட்டில் மணமகளுக்கு அறிவுரை கூறுவோர் தொகை மிகப் பெரிது. பாட்டியார் கூறுவர், அத்தையார் கூறுவர், அண்டை வீட்டாரும் கூறுவர், திருமண நாளன்று பீடத்தின்முன் நின்று போதகரும் கூறுவர். மாமியார் மனங்கோணாமல் நடத்தல், கணவன் சினந்தவிடத்துத் தான் பொறுத்தல், அடுக்களையைத் தூய்மையாய் வைத்தல், வரவறிந்து செலவிடல் என்று அவளுக்கு ஓதப்படும் பாடம் நம் பட்ட வகுப்பின் பாடத்திட்டத்தினும் நீண்டது. அவள் பக்கத்தே நிற்கும் ஆடவனுக்கோ ஒருவரும் ஒன்றும் ஓதுவதில்லை. அவனுக்குக் கிடைப்பன புதுச்சட்டையும் கைக்கடிகாரமும் கைகுலுக்கலுமே. எல்லாம் கற்றுத் தேர்ந்தவனாகவே அவன் பீடத்தருகே வருகின்றான் என்பது உலகத்தார் கொள்கை போலும்!

நம் நூல்களும் பெரும்பாலும் இவ்வழியே சென்றன. வள்ளுவனார் 'வாழ்க்கைத் துணைநலம்' என்னும் ஆறாம் அதிகாரத்தை மனைவியின் மாண்பு கூறுதற்கென்றே வகுத்தார். அதற்கு முற்பட்ட 'இல்வாழ்க்கை' ஆடவன் கடமையை எடுத்தோதுவதுதான். ஆயினும் அங்கு அவன் ஓம்ப வேண்டியவராக எண்ணப்படுவோர் துறந்தார், விருந்தினர், சுற்றத்தார் முதலாயினோர். பிறன் மனையாளை விரும்பாமை பற்றி ஒரு தனி அதிகாரம் உண்டு. தன் மனையாளை மதிக்குமாறு பற்றித் தனி அதிகாரம் இல்லை. மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளையவர்கள் (1826–1889) கிறிஸ்தவர். பெண்கல்விக்காகத் தமிழில் முன்னின்று வாதாடியவர். அவர்தாமும் 'பெண்மதி மாலை' என ஒரு நூல் செய்தாரேயன்றி ஆண்மதி மாலை என ஒன்று செய்திலர். எனினும், 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், கணவன் சிறையிலிருக்க மனைவி ஞானாம்பாள் ஆணுடை தரித்து அரியணையேறி நாட்டைத் திருத்துவதாகக் காட்டி, ஆண்மதியின் அளவை நகைச்சுவையோடு உணர்த்திவிட்டார் என்றே யான் கொள்கின்றேன்.

திருமறை இவ்வாறு ஒருதலையாய்ப் பேசவில்லை. திருமண ஆராதனைகளில் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். அது நற்குண மங்கையைப் புகழ்வது. எபேசியர் 5-ஆம் அதிகாரமும் வாசிக்கப்படும். இதனை வாசிக்கும்போது கேட்போர் செவி ஓரிடத்தில் திறந்து ஓரிடத்தில் மூடிக்கொள்வதை நம்மவர் கவனித்திருக்கலாம். பவுலடியார் மனைவியரை நோக்கிப் பேசுவன 22 முதல் 24 வரையுள்ள மூன்று வசனங்களே. 25-ஆம் வசனந்தொடங்கி அதிகார முடிவுவரை அவர் பெரிதும் கணவரை நோக்கியே பேசுகின்றார். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்தவாறு கணவன் மனைவிக்காகத் தன்னைக் கொடுத்தல் வேண்டும் என்பது ஆண்டுள்ள கட்டளை. கீழ்ப்படிதல் பெரிதா, தன்னையே கொடுத்தல் பெரிதா? மூன்று வசனம் மனப்பாடமாயிருக்க, ஒன்பது வசனம் மறந்துபோயின விந்தையை என்னென்பது!

நிற்க. ஆடவனுக்கு இல்லறப் பாடம் புகட்டும் காவியம் ஒன்று தமிழில் உண்டு. அது பிறந்த நிலமும் நமக்குத் தொலைவிலுள்ளதன்று. எங்கள் சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் வழியே சென்றால் கோணான்குப்பம் என்னும் சிற்றூர் வரும். இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்து தமிழகம் போந்த வீரமாமுனிவர் அங்குப் பெரியநாயகி அன்னைக்குக் கோயிலெடுத்தார். அவர் 1726-இல் முடித்த 'தேம்பாவணி' மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3,615 பாடலும் உடையது. முனிவர் நம் சபையினர் அல்லர். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரோடு கடுமையாக வாதிட்டு மறுப்பு நூல்கள் செய்தவர். அவ்வழக்கை அவர் காலத்தோடு விட்டுவிடுவோம். நாம் கருத வேண்டுவது அக்காவியத்தின் தலைவன் யார் என்பதே.

காவியத் தலைவன் எனின் அரசனாதல் வேண்டும், வில்லேந்துதல் வேண்டும், பகை முடித்தல் வேண்டும். முனிவர் தேர்ந்துகொண்ட தலைவனோ ஒரு தச்சன். மரியாளின் கணவராகிய யோசேப்பையே அவர் வளன் எனப் பெயரிட்டுத் தலைவனாக்கினார். நான்கு சுவிசேஷங்களையும் எத்துணை ஊன்றிப் படிப்பினும் யோசேப்பு தம் வாயால் மொழிந்ததாக ஒரு சொல்லும் ஆண்டுக் காணக் கிடையாது. அவர் செய்தன மட்டுமே கூறப்படும். பேசாத ஒருவரை மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுக்குத் தலைவராக்கியது சிறிய துணிவன்று.

அவ்விருவர் வாழ்வு துறவறத்தோடு கலந்த இல்லறம்; 'ஈரறம் பொருத்து படலம்' என்று முனிவரே அதற்குப் பெயரிட்டார்; அது நம்மனோர்க்கு எங்ஙனம் பொருந்தும் எனச் சிலர் வினவலாம். பொருந்தாதன பொருந்தாதனவே. யான் எடுத்துக்கொள்வது, ஒரு கணவனுக்கு வரக்கூடிய மிகக் கொடிய சோதனை வந்தபோது அவர் நடந்துகொண்ட முறையை மட்டுமே.

மத்தேயு முதலதிகாரம் அதனைச் சில வசனங்களில் கூறி முடிக்கின்றது. தமக்கு நியமிக்கப்பட்ட பெண் கருவுற்றிருப்பது அவருக்குத் தெரிய வருகின்றது. அக்கரு தம்முடையதன்று என்பதும் அவருக்குத் தெரியும். மோசேயின் நியாயப்பிரமாணம் அவர் கையில் இருந்தது. ஊராரைக் கூட்டியிருந்தால் ஊரார் அவர் பக்கமே நின்றிருப்பர். அவர் ஊரைக் கூட்டவில்லை. அவளை அவமானப்படுத்த மனமின்றி மறைவாக விலகிவிடலாமென எண்ணுகின்றார். எண்ணியதையும் அன்றே செய்துவிடாமல் அதனைச் சிந்தித்துக்கொண்டிருக்கின்றார். அச்சிந்தனையினிடையிலேதான் உண்மை அவருக்கு வெளிப்படுகின்றது. வீரமாமுனிவர் இதற்கு 'ஐயந் தோற்று படலம்', 'ஐயம் நீங்கு படலம்' என இரண்டு படலங்களை ஒதுக்கினார். தமிழ்க் கவிஞர் ஒருவர் ஆடவன் உள்ளத்து ஐயத்துக்கு இத்துணை இடமளித்தது காரணத்தோடுதான்.

ஏனெனில் தமிழ்க் காவியங்களில் ஐயம் செய்த கேடு பெரிது. இராமகாதையில் மீட்கப்பட்ட சீதை தீப்புக நேர்ந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கானல்வரி பாடினான். அதில் தன் மனம் வேறொருத்திபால் உள்ளதுபோற் பாடினான். மாதவியும் அதற்கு இணையாக ஒரு பாட்டுப் பாடினாள். தான் பாடியது விளையாட்டு, அவள் பாடியது உண்மை என அவன் முடிவு செய்துவிட்டான். ஒரு வினாக்கூட வினவவில்லை, எழுந்து போய்விட்டான். அவன் மதுரை சென்றதும், சிலம்பு விற்கப் புகுந்ததும், உயிர் துறந்ததும், ஒரு நகரம் எரிந்ததும் எல்லாம் அந்த வினவாமையின் பின்வந்தவை. ஊழ்வினை உருத்து வந்தது என்று புலவர் கூறுவர். யான் ஊழை மறுக்கவில்லை. ஆயினும் அன்று மாலை அவன் அரைநாழிகை பொறுத்திருந்தால் ஊழுக்கு வேலை சிறிது கடினமாயிருந்திருக்கும்.

ஐயம் தோன்றுதல் மனித இயல்பு, வளனுக்கே தோன்றிற்று. ஐயத்தை எங்கு வைப்பது என்பதே கற்க வேண்டிய பாடம். நம் ஊர்களில் ஆடவர் அதனைத் தேநீர்க்கடைக்குக் கொண்டுபோய் வைக்கின்றனர். அல்லது தாயிடமும் தமக்கையிடமும் கொண்டுபோய் வைக்கின்றனர். கடையில் வைத்த ஐயம் மாலைக்குள் ஊர் முழுதும் உண்மையாகிவிடும். இக்காலத்தில் மனைவி உறங்கும்போது அவளது கைப்பேசியைத் திறந்து தேடும் கணவரும் உளர் எனக் கேள்விப்படுகின்றோம். திருடனைப்போல் தன் வீட்டிலேயே இரவில் விழித்திருந்து தேடுபவன், தேடியது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், காலையில் யாது முகத்தோடு அவளிடம் நீர் வாங்கிக் குடிப்பான்? ஐயம் வந்தால் நாவின்கீழ் அடக்குக. உண்மை அறியும்வரை பொறுக்க. வினவ வேண்டுமெனின் அவளிடமே, பிறர் கேளாவண்ணம், அன்போடு வினவுக. நீதியுள்ளவர் என்று மத்தேயு யோசேப்பைப் புகழ்வது இந்த அடக்கத்தைக் கருதியே என்பது என் கருத்து.

இனி, நம் கல்லூரி நண்பர்க்கு மிக அணித்தாயுள்ள ஒன்றுக்கு வருவோம். அது விலை.

எங்கள் பக்கத்தில் வெள்ளாற்று அணைக்கட்டுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. கரும்பு நட்டு வெட்டுதற்கு ஏறக்குறைய ஓராண்டு செல்லும். வெட்டி ஆலைக்கு அனுப்பி, அதன் பணம் கைக்கு வரும் நாளை நோக்கிப் பெண்ணைப் பெற்ற தந்தை காத்திருப்பார். முதற்கரும்பு மூத்தவளுக்கு, மறுதாம்பு இளையவளுக்கு எனக் கணக்கு. இடையில் வட்டிக்கு வாங்கியதும், காணியை அடகு வைத்ததும் ஒருபுறம். மணமகன் வீட்டார் வந்து அமர்ந்து கூறும் சொல்லோ மிக மென்மையானது: "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை; உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்." இச்சொல்லின் பொருளைத் தமிழகராதி எதிலும் காண இயலாது, இத்துணைப் பவுன், இன்ன வண்டி, இவ்வளவு ரொக்கம் என்று தரகர் பின்னர் வந்து உரை விரிப்பார். சிலர் வரதட்சணை என்னும் பெயர் கசக்கிறதென்று சீதனம் என்பர், சீர் என்பர், அன்பளிப்பு என்பர். பெயர் மாறினால் பவுன் குறைவதில்லை.

இதில் நமக்குள்ள பங்கை மறைப்பதிற் பயனில்லை. பையனின் படிப்புக்கேற்பவே தொகை ஏறுகின்றது. பட்டம் பெறாதவனுக்கு ஒரு விலை. பட்டம் பெற்றவனுக்கு ஒரு விலை. அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டால் வேறு விலை. அறிவு பெருக்குதற்கென்று நாம் பெறும் பட்டம், நம் ஊரார் கண்ணில் கழுத்தில் தொங்கும் விலைச்சீட்டாகிவிடுகின்றது. சந்தையில் மாடு வாங்குவோன் மாட்டைத் தன் வீட்டுக்கு ஓட்டிச் செல்வான். இச்சந்தையிலோ விலை கொடுத்தவர், கொடுத்த பொருளையும் விட்டுத் தம் மகளையும் விட்டுவிட்டு வெறுங்கையராய்த் திரும்புகின்றார். இதனினும் நகைப்புக்குரிய வாணிகம் உலகில் உண்டோ? நகைப்புக்குரியது மட்டுமன்று. வரதட்சணைக் கொடுமையால் நிகழும் சாவுகள் என இந்நாட்டில் பதிவாவன அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு மணமகன் இருந்தான். அவனும் ஒருநாள் புதுச்சட்டை அணிந்து புன்னகையோடு நின்றவனே.

வரதட்சணைத் தடைச்சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். 1986-இல் செய்த திருத்தத்தின்படி தண்டனை ஐந்தாண்டுச் சிறைக்குக் குறையாது. ஆயினும் சட்டம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து பாயில் அமர்வதில்லை. அக்கூடத்தில் அமர்ந்து "வேண்டா" என்று கூறக் கூடியவன் ஒருவனே. அவன் மணமகன். தந்தை கேட்டார், தாய் கேட்டார், எனக்கொன்றும் தெரியாது என்று அவன் பின்னர்க் கூறுவது, விலைபேசும்போது மரத்தடியில் நின்ற மாட்டின் மொழியேயாம். யோசேப்பு பெற்ற சீதனம் பற்றிச் சுவிசேஷத்தில் ஒரு குறிப்பும் இல்லை. குழந்தையைத் தேவாலயத்துக்குக் கொண்டுசென்றபோது பெற்றோர் படைத்தற்குரிய காணிக்கையாக லூக்கா குறிப்பது புறாக்களையே. ஆட்டுக்குட்டிக்கு வகையில்லாத ஏழைக்கென நியாயப்பிரமாணம் விதித்த காணிக்கை அது. உலக மீட்பர் வளர்ந்தது அத்தகைய ஒரு வீட்டில்.

வீடு என்றவுடன் வீட்டு வேலை நினைவுக்கு வருகின்றது. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்டிர் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதிற் செலவிடுகின்றனர்; ஈடுபடும் ஆடவர் செலவிடுவது 97 நிமிடம். அதிலும் ஆடவருள் நூற்றுவருக்கு ஏறக்குறைய 26 பேரே அவ்வேலையில் கை வைப்பவர். மற்றையோர் யாது செய்கின்றனர் என்பதை அறியக் கணக்கெடுப்பு வேண்டா. மாலைப்பொழுதில் எவ்வூர்க் கடைத்தெருவுக்கும் சென்று பார்த்தால் போதும். எங்கள் பக்கத்தில் நாற்று நடவும் களை பறிக்கவும் செல்லும் பெண்டிர் கதிரவன் எழுமுன் சோறாக்கிவிட்டுச் செல்வர். திரும்பி வந்தபின் மீண்டும் அடுப்பு மூட்டுவர். உடன் வயலில் உழைத்த கணவன் திண்ணையில் கால் நீட்டி இளைப்பாறுவான். இருவர் உழைப்பும் ஒன்றே. இளைப்பு மட்டும் ஒருவர்க்கே உரியதாயிற்று.

விருத்தாசலத்தில் பீங்கான் வனையும் தொழிற்கூடங்கள் உள. ஈரம் உலராத பாண்டத்தை அங்குச் சூளையில் வையார். வைத்தால் உள்ளே நின்ற நீர் ஆவியாகி வெளிவர வழியின்றிப் பாண்டம் பிளந்துபோம். நம்முள் பலர் உலராமலே சூளை புகுகின்றோம். இருபத்தைந்து வயதுவரை தாய் பிசைந்து வைத்த சோற்றை உண்டு, உண்ட தட்டை அங்கேயே விட்டெழுந்து, துணியைத் தமக்கையிடம் எறிந்து பழகியவன், மணம் முடிந்த மறுநாளே நல்ல கணவனாகிவிடுவான் என எதிர்பார்த்தல் மண்ணின் இயல்பையே அறியாமையாகும். ஆண்களுக்குத் திருமண வயது இருபத்தொன்று எனச் சட்டம் வகுத்துள்ளது. முதலாண்டு முதல் மூன்றாமாண்டு வரை படிக்கும் நண்பர் பலர்க்கு அதற்கு இன்னும் ஓரிரு ஆண்டு உண்டு. சோறு வடித்தல், துணி துவைத்தல், நோயாளிக்குக் கஞ்சி வைத்தல் ஆகிய மூன்றையும் அதற்குள் கற்கலாம். யாப்பருங்கலக் காரிகையினும் இவை எளியன என்று உறுதி கூறுவேன். தச்சுப்பட்டறையில் கை காய்த்தவரே மீட்பர் வளர்ந்த வீட்டின் தலைவர். குழந்தையின் உயிருக்கு இடர் வந்த இரவில், தொழிலையும் ஊரையும் விட்டுத் தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு நடந்தவரும் அவரே.

ஊரை விடுதல் என்றதனால் இன்னொன்றும் கூறவேண்டும். ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில், மணத்தின்பொருட்டுத் தன் தகப்பனையும் தாயையும் விடுமாறு சொல்லப்படுபவன் ஆடவனே. நம் வழக்கத்தில் விடுபவள் பெண். திருமறை ஆடவனுக்கு விதித்ததை நாம் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டோம். பெற்றோரை முதுமையிற் கைவிடவேண்டும் என யான் கூறவில்லை. அவ்வாறு கூறுவேனாயின் என் வீட்டிலேயே எனக்குச் சோறு கிடைக்காது. மனைவிக்கும் தாய்க்கும் மாறுபாடு வந்தவிடத்து, நடுவில் நின்று இருவர் சொல்லையும் கேட்கக் கூடிய வயது வந்தவனாக ஆதலே அவ்விடுதல். தாயின் மடியிலிருந்துகொண்டே மனைவிக்கு நீதி வழங்க எவனாலும் இயலாது.

குடியைப் பற்றி விரித்தெழுத வேண்டுவதில்லை. எந்த ஊரில் எவர் வீட்டில் அது யாது செய்தது என்பதை அறியாத மாணவர் இக்கல்லூரியில் ஒருவரும் இரார்.

நம் சபைகளில் மணத்துக்குமுன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பது வழக்கம். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் மணம் நிகழ இருப்பதால், தடையறிந்தோர் எவரேனும் இருப்பின் அறிவிக்குமாறு போதகர் கேட்பார். ஒருவரும் எழுந்திரார். ஆலயத்தின் பின்வரிசையில் பெண்ணின் தந்தை அமர்ந்திருப்பார். தம் காணி அடகில் இருப்பது அவர் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். சட்டத்தின்படி குற்றமாகிய ஒன்று அம்மணத்தின் அடியிலேயே கிடக்க, தடையொன்றும் இல்லையெனச் சபை முழுதும் மௌனமாய்ச் சான்று பகர்கின்றது. இம்மௌனத்தை நீக்கப் போதகர் ஒரு செயல் செய்யலாம். முதல் ஓலை வாசிக்குமுன் மணமகனைத் தனியே அழைத்து, நீ யாது பெற்றாய், யாது பெற இருக்கின்றாய் என அவன் வாயாலே கேட்கலாம். பெற்றதைத் திருப்பிக் கொடுத்த பின்னரே முதல் ஓலையை வாசிக்கலாம். பின்னர் எபேசியர் 5-ஆம் அதிகாரத்தை 25-ஆம் வசனத்திலிருந்து அவனையே உரக்க வாசிக்கச் சொல்லலாம். இதற்குப் புதிய சட்டமோ சங்கத் தீர்மானமோ வேண்டா. ஓர் அறையும் அரைமணி நேரமும் போதும். நம் கல்லூரியிலிருந்து குருத்துவப் பணிக்குச் செல்லவிருக்கும் நண்பர்கள் இதனை முதலில் தங்கள் மணத்தில் தங்களுக்கே செய்துகொள்வாராக.